யாரும் கேட்காத போட்டோ எடுத்தவர்

2014 ஜூன் 15, ஞாயிறு, காலை ஏழு இருபது. பிலிம் கழுவும் டாங்கிற்குள் இரண்டு ரோல். டெவலப்பர் ஊற்றி நான்கு நிமிடம் ஆகியிருந்தபோது போன் அடித்தது. தவமணி அக்காவின் கணவர் குமரவேல் அண்ணன். "தம்பி, அக்கா போயிட்டா. இப்பத்தான்" என்றார். "வர்றேண்ணே" என்று சொல்லி வைத்தேன்.

உடனே கிளம்பவில்லை. டெவலப்பரில் கிடக்கும் பிலிமை அப்படியே விட்டுப் போனால் கறுத்துவிடும். மீதி நிமிடங்கள் டாங்கைக் குலுக்கினேன், ஃபிக்ஸர் ஊற்றினேன், கழுவித் தொங்கவிட்டேன், அதன்பிறகுதான் பைக்கை எடுத்தேன். இதைப் படித்து முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். அந்த இரண்டில் ஒன்று அக்கா எடுத்த ரோல். அதில் என்ன இருந்தது என்று துக்க வீட்டிலேயே நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் கம்பியில் காயும் துணி, பக்கத்து வீட்டுக் கோழி, அண்ணனின் பாதி முகம், மறுபடியும் கோழி. கடைசிச் செய்தி என்று எதுவும் இல்லை. அவர் அப்படி எடுக்கிற ஆளும் இல்லை.

கராச்சர்மாவில் இருக்கும் உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் பஸ் ஸ்டாப் எதிரே போட்டோக் கடை வைத்திருந்த அக்கா. தீவுக்காரர் என்று காட்டும் உங்கள் ஐலண்டர் கார்டில் திருதிருவென்று முழிக்கும் முகம் அவர் எடுத்தது. கடையில் எல்லாமே டிஜிட்டல். இந்தப் பக்கத்தில் முதலில் டிஜிட்டலுக்கு மாறிய கடையே அதுதான். அந்தக் கடையின் பின்னறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிலிம் கழுவும் ஒரு கூட்டம் உண்டு என்பது சிலருக்குத்தான் தெரியும். கூட்டத்தைச் சேர்த்தவர் அவர். நான் அதில் ஓர் ஆள். கடைக்கார அக்காவைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பற்றி எழுதுகிறேன்.

என்னை அவர் பிடித்த விதத்திலிருந்து தொடங்குகிறேன். நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ படித்தவன். மின்நிலையத்தில் வெப்பமானிகளையும் அழுத்தமானிகளையும் சரிபார்க்கும் வேலை. வேலையில் சேர்ந்த புதிதில் அடையாள அட்டைக்காகப் படம் எடுக்கப் போனேன். எடுத்து முடித்ததும், மேசைக்கடியிலிருந்து ஒரு பழைய பிலிம் கேமராவை எடுத்து என் கையில் திணித்தார்.

"பிரிண்ட் வர பத்து நிமிசம் ஆகும் தம்பி. அதுவரைக்கும் இதுல ரெண்டு மூணு சுட்டுட்டு வா."

"அந்த பிரிண்டர் ரெண்டு நிமிஷத்துல அடிச்சிருமே?"

"அடிச்சிரும். ஆனா நீ பத்து நிமிசம் கழிச்சித்தான் வரணும்."

எரிச்சலோடு வெளியே போனேன். எதிரே ஒரு மின்கம்பத்தில் கம்பிகளை மகா கேவலமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதை நாலு பக்கத்திலிருந்தும் எடுத்துவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்து, அந்தப் படங்களைப் பார்க்க வரச் சொல்லி எனக்கு ஆள் விட்டார். போனால், கம்பத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். "என்னா இது? கல்யாணத்துக்குக் கூப்பிட்டு யாராச்சும் இதை எடுக்கச் சொல்லுவாங்களா? சொல்ல மாட்டாங்க. அப்ப நீ நம்ம ஆளு." அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'இஞ்சினியரு'.

'யாரும் கேட்காத போட்டோ' என்பது அவருடைய அளவுகோல். அதற்கு ஒரு காரணம் உண்டு. அவருடைய அப்பா அம்மா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டியவர்கள். அக்கா கல்யாணமாகி போர்ட் பிளேர் வந்து, ஒரு ஸ்டுடியோவில் வேலை கற்று, சொந்தக் கடை போட்டார். பதினைந்து வருடம் பிலிமில்தான் பிழைப்பு. மாப்பிள்ளை பெண், மொட்டை போட்ட குழந்தை, மாலை போட்ட பிணம் என்று அடுத்தவர் கேட்டதை மட்டும் எடுத்தார். பிறகு சுனாமி அலை வந்தது. கச்சாலில் அவர்கள் வீடு இருந்த இடமே இல்லாமல் போனது. அம்மாவும் போனார். அந்தத் துக்கம் ஆறும் முன்பே நிவாரண முகாம்களில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் வேலை வந்தது. ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள், படம் இன்றே வேண்டும், பிலிம் கழுவி வர நாளாகிறது. கையிலிருந்த நகையை வைத்து டிஜிட்டல் கேமராவும் பிரிண்டரும் வாங்கினார். "பிலிமை அன்னைக்கே மூட்டை கட்டிட்டேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடல" என்பார்.

அந்த மூட்டையை அவர் மறுபடி அவிழ்த்தது நாலைந்து வருடம் கழித்து, சிடியாதாப்புக் கடற்கரைக்குப் போன ஒரு பிக்னிக்கில். டிஜிட்டல் கேமராவில் சார்ஜ் இல்லை. பீரோவில் கிடந்த பழைய கேமராவையும் தேதி முடிந்த ஒரு கறுப்பு வெள்ளை ரோலையும் எடுத்துப் போனார். யாரும் எதையும் எடுக்கச் சொல்லவில்லை. தூங்கும் கணவனின் கால்களை எடுத்தார். சப்பாத்தியை மோப்பம் பிடிக்கும் நாயை எடுத்தார். வேரோடு சாய்ந்து கிடந்த ஒரு மரத்தை, கடலைக் காட்டாமல் எடுத்தார். "பதினஞ்சு வருசம் அந்தக் கேமராவை அடிமாடு மாதிரி ஓட்டுனேன் தம்பி. அன்னைக்குத்தான் அது ஒரு வேடிக்கைச் சாமான்னே எனக்கு வெளங்குச்சு" என்று பின்னால் சொன்னார். மறுவாரமே கடையின் பின்னறையில் ஜன்னலுக்குக் கறுப்புத்தாள் ஒட்டிவிட்டார்.

ஒருமுறை மெயின்லேண்டிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். நானும் கடையில் இருந்தேன். அவர் எழுத வந்ததை முன்கூட்டியே மனதில் எழுதிவிட்டு வந்திருந்தார். அழிந்துவரும் கலையைக் காப்பாற்றும் தீவுப் பெண், அலையில் தொலைந்த நினைவுகளைப் பிலிமில் தேடுகிறார், இப்படி. அக்கா டீ வாங்கிக் கொடுத்தார். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"அழியுதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா? அது ரிட்டயர் ஆயிருக்கு. ரிட்டயர் ஆன மனுசன் செத்துட்டான்னா அர்த்தம்? இப்பத்தான் அவன் லுங்கியக் கட்டிக்கிட்டு ஜாலியா இருக்கான்."

பத்திரிகைக்காரர் விடவில்லை. அலையில் குடும்பப் படங்கள் எல்லாம் போய்விட்டதாமே, அதனால்தானே இந்த ஈடுபாடு என்று கேட்டார். அக்காவின் குரல் மாறியது. "எங்கம்மா போட்டோ ஒண்ணுகூட என்கிட்ட இல்ல. வாஸ்தவம். நான் இனிமே ஆயிரம் ரோல் எடுத்தாலும் அதுல எங்கம்மா வரப்போறதில்ல. அது வேற, இது வேற. அழுவுறதுக்கு நான் கேமரா எடுக்கல. எனக்குப் பிடிச்சிருக்கு, எடுக்குறேன். இதை அப்படியே எழுதுங்க." அவர் எழுதவில்லை. கட்டுரையில் அலை இருந்தது, கண்ணீர் இருந்தது, லுங்கி இல்லை.

அன்று அவரிடம் நான் வாதம் செய்தேன். கணக்கு தெரிந்தவன் என்ற திமிர் எனக்கு உண்டு, இப்போதும் உண்டு. "அக்கா, உணர்ச்சியை விடுங்க. பிலிம் செய்யற ஃபேக்டரி ஒவ்வொண்ணா மூடுறான். ஊர்ல ஒரு லேப் கிடையாது. இங்க தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா வருது. லென்ஸ்ல காளான் பிடிக்குது. இதுக்கு எங்க இருக்கு எதிர்காலம்?" என்றேன். "ஊருல எல்லாரும் பைக் வச்சிருக்கான். அதுக்காக சாயங்காலம் நடக்கப் போறவன் நடக்காமலா இருக்கான்?" என்றார். அன்று எனக்கு அது பதிலாகத் தெரியவில்லை. பிறகு யோசித்தபோது கணக்கு சரியாகத்தான் வந்தது. வேலை வாங்கும்வரை ஒரு பொருளிடம் வேகத்தை எதிர்பார்ப்போம், மலிவை எதிர்பார்ப்போம். அதில் பிலிம் தோற்றுவிட்டது, அதில் சந்தேகமில்லை. பொழுதுபோக்கிடம் யாரும் வேகத்தை எதிர்பார்ப்பதில்லை. தோற்ற இடத்திலிருந்து அது வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான். இனி அதற்கு வேண்டியது பிலிம், மருந்து, தண்ணீர், இருட்டு, ஆள். முதல் நான்கையும் எப்படியாவது ஏற்பாடு செய்யலாம். ஐந்தாவதுதான் கஷ்டம்.

அந்தக் கஷ்டம் 2012இல் நேராகவே வந்து நின்றது. அதுவரை மெயின்லேண்டுக்கு யார் போனாலும் அவர் கையில் நாலைந்து ரோல் வாங்கி வரச் சொல்லிச் சமாளித்தோம். சென்னை வியாபாரி ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டார்: சில்லறையாக இனிக் கிடையாது, வேண்டுமானால் முழுப் பெட்டி. நாங்கள் அப்போது ஆறு பேர். இந்த ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் பெட்டி கெடுவதற்குள் ஆறு பேரால் அதைச் சுட்டு முடிக்க முடியாது. ஆள் சேர்ந்தால் கூட்டம் இருக்கும், இல்லையென்றால் மூட வேண்டியதுதான். அக்காவுக்கு அந்தப் பின்னறை எவ்வளவு முக்கியம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு நாள் கடையில் யாரோடும் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள், "முதல் ரோல் ஞாயிறுன்னு ஒண்ணு வைப்போம். வர்றவனுக்கெல்லாம் கேமரா குடுப்போம்" என்றார்.

பாஸ்போர்ட் படம் எடுக்க வந்து அவரிடம் பத்து நிமிடம் மாட்டிக்கொண்டவர்களில் பதினோரு பேர் வந்தார்கள். புரோத்ராபூரில் காய்கறி போடும் வங்காளி அண்ணன் சுபோத் தா, மரைன் ஹில்லில் குடியிருக்கும் நர்ஸ் ஷீலா, கப்பல் டிக்கெட் கவுண்டரில் இருப்பவர், இரண்டு கல்லூரிப் பெண்கள், இப்படி. காலையில் மரைன் ஹில்லிலிருந்து துறைமுகம் வரை இறங்கிக்கொண்டே எடுத்தார்கள். மதியம் எல்லோரும் கராச்சர்மா பஸ் பிடித்துக் கடைக்கு வந்தார்கள். கழுவுவது நானும் அக்காவும்.

இங்கே கொஞ்சம் தொழில் விஷயம் சொல்ல வேண்டும். பிலிம் மருந்துகளுக்கு இருபது டிகிரி உத்தமம். நம் குழாய்த் தண்ணீர் முப்பதை ஒட்டி இருக்கும். அதனால் ஜங்கிலிகாட்டில் மீனுக்குப் போடும் ஐஸை வாங்கி வந்து, ஒரு பெரிய தொட்டியில் போட்டு, மருந்துக் குவளைகளை அதில் நிறுத்திக் குளிரவைப்பது எங்கள் வழக்கம். ஐஸ் வெளியேதான் இருக்க வேண்டும். பிலிம் படுகிற தண்ணீரில் விழக் கூடாது. இதைச் சுவரில் எழுதியே ஒட்டியிருந்தேன். அன்று மருந்து குளிர நேரமில்லை என்று முப்பது டிகிரியிலேயே நேரத்தைக் குறைத்துக் கழுவினேன். அது சரியான முறைதான். ஃபிக்ஸர் முடிந்து, நான் குவளைகளைக் கழுவத் திரும்பிய நேரத்தில் அக்கா ஒரு காரியம் செய்தார். 'தண்ணி சுடுதே, பாவம் பிலிமு' என்று, கடைசியாக அலசும் வாளியில் அரைச் சாக்கு ஐஸைக் கொட்டினார். பதினோரு ரோலையும் அதில் போட்டார்.

சூட்டில் ஊறி உப்பியிருக்கும் பிலிம் பூச்சு சட்டென்று குளிர்ந்தால் சுருங்கி வெடிக்கும். நாங்கள் கொடுத்திருந்தது மலிவு ரகம், சுத்தமாகத் தாங்கவில்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தால் எல்லா நெகட்டிவிலும் வறண்ட குளத்துத் தரை போல வெடிப்பு. அது போதாதென்று மீன் செதில்கள் வேறு. அறை முழுக்க ஜங்கிலிகாட் வாசம்.

"அக்கா! சுவர்ல என்ன எழுதியிருக்கு?" என்று கத்தினேன்.

"இருட்டுல சுவரைப் படிக்கச் சொல்றியா நீ?"

"இருட்டு எதுக்கு? டாங்க் மூடுனப்பறம் லைட் போடலாம்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

வெளியே பதினோரு பேரும் காத்திருந்தார்கள். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அக்கா ஈர நெகட்டிவ்களைத் தோளில் மாலை போலப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். "எல்லாரும் கேட்டுக்கங்க. உங்க போட்டோவையெல்லாம் நாந்தான் மீன் கொழம்பு வச்சிட்டேன். இஞ்சினியரு மேல தப்பு இல்ல, அவரு மூஞ்சியப் பாருங்க, தெரியும். அடுத்த ஞாயிறு வாங்க, நல்லபடியா செய்வோம்." யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அவர்கள் போனதும் கறாராகச் சொன்னேன். இனி அடிப்படை தெரியாத யாரையும் உள்ளே விடக் கூடாது. தெர்மாமீட்டர் பார்க்க, நேரம் கணக்கிட, ஒரு சின்னப் பரீட்சை வைப்போம். தேறியவர்களுக்கு மட்டும் பிலிம். அக்கா தரையைத் துடைத்துக்கொண்டே, "வைக்கலாம். மொதல்ல நாந்தான் ஃபெயிலாவேன். அப்புறம் நீ மட்டும் ஒக்காந்து ஒரு பெட்டி பிலிமையும் தின்னு" என்றார். ஐஸ் விஷயத்தில் அன்றும் நான் சொன்னதே சரி. இன்றும் அதுவே சரி. ஆனால் அடுத்த ஞாயிறு ஒருவரும் வர மாட்டார்கள் என்று நான் சொன்னது தப்பு. ஒன்பது பேர் வந்தார்கள்.

சுபோத் தா மூச்சு வாங்க உள்ளே நுழைந்தார். "இஞ்சினியர் சாப், மேரா மச்லி வாலா போட்டோ படா கர் தோ" என்றார். மீன் போட்டோவைப் பெரிசு பண்ணிக் கொடு என்கிறார். என் முகம் போன போக்கைப் பார்த்து அக்கா மேசையைத் தட்டிச் சிரித்தார். சுபோத் தாவின் நெகட்டிவை ஸ்கேன் செய்து கடை பிரிண்டரிலேயே பெரிதாக அடித்தோம். அக்காவுக்கு இதிலெல்லாம் ஆசாரம் கிடையாது. துறைமுகத்தில் ஒரு கப்பல். வானம் முழுக்க வெடிப்பு. அதன் நடுவே வட்டமாக ஒரு மீன் செதில், பட்டப்பகலில் எழுந்த நிலா போல. நர்ஸ் ஷீலா அதைப் பார்த்துவிட்டு, தன்னுடையதில் ஏன் நிலா இல்லை என்று சண்டை பிடித்தார். என் அளவுகளின்படி அது கெட்டுப்போன படம். அன்றைக்கு அந்த அறையில் இருந்த வேறு எந்தப் படத்தையும் யாரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று மாலையே பெட்டிக்கு ஆர்டர் போனது. பதினைந்து பெயர்.

போன வருடம் அவருக்குச் சிறுநீரகம் கைவிட்டது. சென்னையில் வைத்தியம் என்று போனார். நோயாளியிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நான் போன் செய்யவே தயங்கிக்கொண்டிருந்தபோது, அவரே கூப்பிட்டார். "இஞ்சினியரு, ஆஸ்பத்திரியிலருந்து ஆட்டோ பிடிச்சி அந்த பிலிம் கடைக்காரன்கிட்ட வந்திருக்கேன். பெட்டி தீர்ந்துபோச்சுன்னு சொல்லிக்கிட்டிருந்தீங்கல்ல? இவன் என் கையில இருக்க பிளாஸ்திரியப் பாத்துப் பயந்துட்டான். இப்ப என்னா கேட்டாலும் குடுப்பான், சீக்கிரம் சொல்லு, என்னா வேணும்?" பின்னால் வியாபாரியின் சிரிப்பும் கேட்டது.

அந்த இரண்டாவது பெட்டியைக் கைப்பையாக வைத்து விமானத்தில் அவரே கொண்டுவந்தார். எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போனால் பிலிம் கெட்டுவிடும் என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். பாதுகாப்பு வரிசையில் இருந்த இளைஞர் இயந்திரத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார். அக்கா நம் தீவு ஹிந்தியில், "பையா, இஸ்கா எக்ஸ்ரே மத் நிகாலோ. மேரா நிகால் லோ, முஜே ஆதத் ஹோ கயா" என்றாராம். இதற்கு எக்ஸ்ரே வேண்டாம் தம்பி, வேண்டுமானால் எனக்கு எடுத்துக்கொள், எனக்குப் பழகிவிட்டது. அந்த இளைஞர் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு ரோலாகக் கையாலேயே பார்த்து அனுப்பியிருக்கிறார். கூட வந்த குமரவேல் அண்ணன் இதைச் சொல்லும்போது தலையில் அடித்துக்கொண்டார். "மனுசி நிக்க முடியாம நிக்குறா தம்பி. வரிசையே நின்னுபோச்சு. இவ என்னடான்னா அந்தப் பையன்கிட்ட, உனக்கு ஞாயித்துக்கிழமை லீவான்னு கேக்குறா."

குமரவேல் அண்ணனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அந்தப் பின்னறைக்குள் காலை வைத்ததில்லை. அந்த நாற்றம் ஆகாது என்பார். அங்கே ஏசி போட்டு லேமினேஷன் மெஷின் வைத்தால் கடை இன்னும் நன்றாக ஓடும் என்பது அவருடைய பல வருடத்து யோசனை. அது தப்பான யோசனையும் இல்லை.

எல்லோருக்கும் வசதியாக இருக்கட்டும் என்று கருமாதியை ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். எங்கள் கூட்டம் முழுக்க வந்திருந்தது. சாப்பாடு முடிந்ததும் அண்ணன் என்னைக் கடைக்குக் கூட்டிப் போனார். கடையை எடுத்து நடத்த அவருடைய தங்கை மகன் வருகிறானாம். பின்னறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு சொன்னார்:

"தம்பி, மனசுல வச்சிக்காதீங்க. அவ இருந்தா, ஆளுங்க வந்தாங்க. இனிமே யாரு வருவா? நீங்களும் எத்தனை நாளைக்கு? நாளைக்கே உங்களுக்கு டிரான்ஸ்ஃபர் வந்தா? இதை எடுத்துடலாம்னு பாக்குறேன்."

எனக்குச் சட்டென்று கோபம் வரும். அன்று வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. கூட்டத்தில் இருப்பவர்கள் அத்தனை பேரும் அக்கா பிடித்த ஆட்கள். புதிதாக ஒருவரை நான் சேர்த்ததில்லை. சேர்க்கவும் எனக்குத் தெரியாது. மருந்துப் புட்டிகளை எந்தப் பெட்டியில் கட்டலாம் என்று பார்க்கத் தொடங்கினேன்.

அப்போது கடை வாசலில் ஒருவர் வந்து நின்றார். காக்கிச் சட்டை. பஸ் டிரைவர். பாபு என்று பெயர், தெலுங்குக்காரர். கையில் அக்காவின் கேமரா. சென்னைக்குப் போவதற்கு முன்னால் அக்கா அவரைப் படம் எடுத்திருக்கிறார், வழக்கம்போலக் கேமராவைத் திணித்திருக்கிறார். அதற்குள் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று இவர் ஓட, 'கொண்டு போ, முடிச்சிட்டுக் கொண்டா' என்று சொல்லி அனுப்பிவிட்டார். ரங்கத் பக்கம் டியூட்டி மாற்றியதால் இத்தனை மாதம் வர முடியவில்லையாம். விஷயம் எதுவும் அவருக்குத் தெரியாது.

"தீதி இல்லையா? ரீல் முழுக்க முடிஞ்சது" என்று அக்காவைத் தேடினார். பிறகு கொஞ்சம் கூச்சமாக, "கழுவுறது எப்படின்னு நானும் பார்க்கலாம்னு தீதி சொன்னாங்க. இன்னிக்கு சண்டே தானே, உண்டா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் குமரவேல் அண்ணன் பேசினார். மொட்டைத் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "உண்டு. உள்ள வாங்க" என்றார். பின்னறைக் கதவை அவரே தள்ளித் திறந்து, முதல் ஆளாக உள்ளே போனார். விளக்கு சுவிட்ச் எங்கே என்று தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். நான் போய்ப் போட்டேன்.

அக்காவின் கணக்கில் எவ்வளவோ தப்பு உண்டு. டிகிரி தப்பு, நேரம் தப்பு, மருந்து அளவு தப்பு. இந்தப் பொழுதுபோக்கு நீடிக்குமா என்ற ஒரு கணக்கை மட்டும் அவர் சரியாகப் போட்டார். நான் தப்பாகப் போட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பெருமையாக இருக்கிறது. ஃபேக்டரிகளையும் விலைகளையும் வைத்து எதிர்காலம் பேசுகிறவர்கள் பேசட்டும். இந்தத் தீவில் அந்த எதிர்காலம் காக்கிச் சட்டையோடு வந்து 'உண்டா' என்று கேட்டதை நான் கண்ணால் பார்த்தேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது கேமராவை அல்ல. அதைக் கேட்காதவர் கையில் திணிக்கும் துணிச்சலை எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அது இயல்பாக வராது. கற்றுக்கொள்வேன்.

இனி செய்யப்போவது:

1. ஞாயிறு மூன்று மணிக்குப் பின்னறை திறந்திருக்கும். ஷிஃப்ட் இருந்தால் மாற்றிக்கொள்வேன். டிரான்ஸ்ஃபர் வந்தால் ஷீலா சிஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பல் ஏறுவேன்.

2. பாபுவின் அடுத்த ரோலை அவரையே கழுவ வைப்பேன். பக்கத்தில் நிற்பேன். டாங்கைப் பிடுங்க மாட்டேன்.

3. பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களைப் பத்து நிமிடம் வெளியே அனுப்பும் வழக்கம் தொடரும். தங்கை மகனிடம் பேசியாகிவிட்டது. பிரிண்டர் மெதுவாக ஓடுகிறது என்று பொய் சொல்லச் சம்மதித்துவிட்டான்.

4. சென்னை வியாபாரிக்குப் போன் செய்து மூன்றாவது பெட்டிக்குச் சொல்வேன். முழுப் பெட்டி.

5. அந்தப் பெட்டிக்கான பெயர்களில் முதல் பெயராகக் குமரவேல் அண்ணனைச் சேர்ப்பேன். அவருக்கு இன்னும் தெரியாது.